வம்மிப்பூவுக்கு ஒரு கனடாச் சொந்தம்

இந்த முறை ஒரு செடியைப் பற்றி எழுதப் போகிறேன். எழுத எவ்வளவோ கிடக்க இவன் பூக்கன்றைப் பற்றி எழுத வந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். இந்தச் செடியின் கதைக்குள் இலங்கை இருக்கிறது, கனடா இருக்கிறது, ஒல்லாந்தர் இருக்கிறார்கள், வெள்ளமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஆங்கிலத்தில் இதைப் பட்டன்புஷ் என்கிறார்கள். தமிழில் பொத்தான் பற்றை என்று சொல்லலாம். தாவரவியல் பெயர் செபலாந்தஸ் ஒக்சிடென்ராலிஸ். கனடாவில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், கியூபெக், தென் ஒன்ராறியோ ஆகிய இடங்களிலும், அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுக்கவும், தெற்கே மெக்சிக்கோ, கியூபா வரைக்கும் தானாக முளைத்து வளர்கிறது. ஆற்றங்கரை, ஏரிக்கரை, சதுப்பு, பள்ளக்காணி இவைதான் அதன் இடம். இரண்டு மூன்று அடித் தண்ணீருக்குள் நின்றாலும் சாகாது. இங்கே ஆறு முதல் பத்து அடி உயரம் வரும். ஜூலையில் பூக்கும்.

பூவைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். வெள்ளை நிறத்தில் சின்ன உருண்டை, ஒரு அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். ஒரு உருண்டைக்குள் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தையற்காரர் குண்டூசி குத்தி வைக்கிற பஞ்சு உருண்டை மாதிரி. நல்ல தேன் வாசம்.

முதல் வருடம் பூத்தபோது படம் எடுத்து ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா உடனே கேட்டா: "மனே, இது வம்மிப்பூத்தானே? ஏன் வெளுத்துப் போய்க் கிடக்கு?"

மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களுக்கு வம்மியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்றோரத்திலும் குளத்தடியிலும் மருத மரத்தோடு சேர்ந்து நிற்கிற பெரிய மரம். சிங்களத்தில் பக்மீ. மஞ்சள் உருண்டைப் பூ, நல்ல வாசம். காயும் உருண்டைதான். நாங்கள் அதை எறிந்து விளையாடியிருக்கிறோம். பழத்தை வௌவாலும் குரங்கும் விடாது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் சொல்வதென்றால், கடம்பம் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே உருவம்.

வம்மி ஐம்பது அறுபது அடியைத் தாண்டிப் போகிற மரம். இது ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டுகிற பற்றை. அது வெயிலில் நிற்பது, இது நாலு மாதம் பனிக்குள் நிற்பது. ஆனாலும் அம்மா சொன்னது தற்செயலான சாயல் இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டு வெளிக்கிட்டவன். பட்டம் இல்லை. ஆனால் ஒரு தாவரப் பெயரைக் கண்டால் அதன் வேரைத் தேடிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து தேடித் தேடி வாசித்ததில் தெரிந்த கதை இது.

95 ஆம் பக்கம்

1753 இல் சுவீடனில் உப்சாலா நகரத்திலிருந்த லினேயஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் 'ஸ்பீசிஸ் பிளாண்டாரும்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்கச் செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கிற முறை அந்தப் புத்தகத்திலிருந்துதான் கணக்கெடுக்கப்படுகிறது. அதில் 95 ஆம் பக்கத்தில் செபலாந்தஸ் என்ற பேரினத்தை அவர் எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் தலை, பூ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தது. தலை மாதிரி உருண்டிருக்கிற பூ என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பேரினத்துக்குள் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று செபலாந்தஸ் ஒக்சிடென்ராலிஸ், அதாவது மேற்கத்தையது. அதுதான் வட அமெரிக்காவின் இந்தப் பொத்தான் பற்றை. மற்றது செபலாந்தஸ் ஓரியென்ராலிஸ், கிழக்கத்தையது. அதுதான் எங்களுடைய வம்மி!

ஒரே பக்கத்தில், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். எனக்கு இதை வாசித்த அன்று நித்திரை வரவில்லை.

வம்மி எப்படி உப்சாலாவுக்குப் போனது? லினேயஸ் இலங்கைக்கு வந்தவர் இல்லை. வந்தவர் போல் ஹேர்மன் என்ற ஜேர்மன் மருத்துவர். 1672 இல் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி அவரைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பியது. ஏழு வருடமளவில் இருந்தார். வைத்தியம் பார்த்ததோடு செடி கொடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டிப் பெரிய தொகுப்பு ஒன்று செய்தார். ஊர் ஆட்களிடம் கேட்டுச் சிங்களப் பெயர்களையும் எழுதி வைத்தார். பிறகு ஒல்லாந்துக்குப் போய் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி 1695 இல் செத்துப்போனார்.

அவர் ஒட்டி வைத்த செடிகள் எங்கே போயின என்று கனகாலம் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டென்மார்க் அரச மருந்தாளர் ஒருவரின் கைக்கு வந்து, அவர் 1744 இல் லினேயஸுக்கு அனுப்பினார். லினேயஸ் அதை வைத்து 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 'புளோரா செய்லானிக்கா' என்ற புத்தகம் எழுதினார். அதிலிருந்துதான் வம்மி 1753 ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு வந்தது. அந்தத் தொகுப்பு பிறகும் கைமாறிக் கைமாறி, 1793 இல் ஜோசப் பாங்ஸ் என்ற ஆங்கிலேயர் 75 பவுணுக்கு வாங்கினார். இன்று அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 350 வருடத்துக்கு முதல் இலங்கையில் முறித்த கொப்பு இலண்டனில் அலுமாரிக்குள் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஹேர்மனின் பெயர் இருக்கிறது. லினேயஸின் பெயர் இருக்கிறது. பாங்ஸின் பெயர் இருக்கிறது. கொப்பை முறித்துக் கொடுத்து, இதற்கு இன்ன பெயர் ஐயா என்று சொல்லிக் கொடுத்த ஊர் மனிதரின் பெயரைத்தான் காணவில்லை.

மேற்கு, கிழக்கு என்ற பெயரும் அப்படித்தான். யாருக்கு மேற்கு? உப்சாலாவில் கதிரையில் இருந்தவருக்கு மேற்கு. அவருக்கு இரண்டுமே தூரத்து நாட்டுச் செடி. அவர் போட்ட பெயரைத்தான் இன்று ஒன்ராறியோவில் நாற்றுமேடை வைத்திருக்கிறவரும் மட்டையில் எழுதிச் செடியில் கட்டி விற்கிறார்.

1762 இல் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது லினேயஸ் வம்மியைப் பிரித்தெடுத்து நோக்ளியா என்ற புதுப் பேரினத்துக்குள் போட்டுவிட்டார். ஆக, ஒரே வீட்டில் ஒன்பது வருடம்தான் இரண்டும் இருந்தன.

கடம்பின் பெயர்க் கதை இன்னும் பகிடி. அது 1824 இல் நோக்ளியா என்றுதான் வந்தது. பிறகு 1830 இல் அன்தோசெபாலஸ் என்று ஒரு பேரினம் வந்து, கடம்பு கனகாலம் அந்தப் பெயரில் இருந்தது. செபலாந்தஸ் என்றால் தலைப்பூ. அன்தோசெபாலஸ் என்றால் பூத்தலை. அதே இரண்டு சொல்லை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்! 1980களில் அதுவும் சரியில்லை என்று நியோலமார்க்கியா என்று மாற்றினார்கள். முருகனுடைய மரம் எந்தப் பெயருக்கும் கோபிக்கவில்லை.

பெயர் பிரிந்தாலும் உறவு பிரியவில்லை. வம்மி, கடம்பு, நீர்க்கடம்பு, இந்தப் பொத்தான் பற்றை எல்லாமே கோப்பிக் குடும்பம். எங்கள் வெட்சிப்பூவும் அதே குடும்பம். இந்த நூற்றாண்டில் மரபணுவை வைத்துப் பார்த்த ஆய்வாளர்களும் பொத்தான் பற்றையையும் வம்மியையும் கடம்பையும் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே நெருங்கிய ஒரே கிளையில் வைத்திருக்கிறார்கள். லினேயஸ் கண்ணால் பார்த்துச் சேர்த்தது முழுக்கப் பிழையில்லை. என் அம்மாவும் கண்ணால் பார்த்துத்தான் சொன்னா. அவ ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவ.

வீண் நிலம்

இனி இந்தச் செடியின் சொந்த இடத்துக்கு வருவோம்.

வெள்ளைக்காரர் வருமுன் இங்கே இருந்த மக்களுக்கு இது மருந்து. தெற்கே அமெரிக்காவில் சொக்ரோ மக்கள் பல்வலிக்கு இதன் பட்டையைச் சப்பியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் பட்டையை அவித்துக் குடித்திருக்கிறார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற குயினைன் வருகிற சின்கோனா மரமும் இதே கோப்பிக் குடும்பம்தான். (நீங்கள் ஒன்றும் அவித்துக் குடிக்க வேண்டாம். இலையிலும் பட்டையிலும் நஞ்சு இருக்கிறது. மாடு தின்றாலும் கூடாது.)

குடியேறியவர்களுக்கு இந்தச் செடி பிரச்சினை இல்லை. செடி நிற்கிற நிலம்தான் பிரச்சினை. சதுப்பு என்றால் நுளம்பு, காய்ச்சல், நாற்றம், உழ முடியாத காணி. ஒரே சொல்லில் வீண் நிலம். அதனால் தென் ஒன்ராறியோ முழுக்க வாய்க்கால் வெட்டி, நிலத்துக்குக் கீழே களிமண் குழாய் தாட்டு, தண்ணீரை வடித்துத் தோட்டமாக்கினார்கள். தென் ஒன்ராறியோவில் முன்பு இருந்த ஈரநிலத்தில் 72 வீதம் 2002 ஆம் ஆண்டுக்குள் போய்விட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூறு ஏக்கருக்கு இருபத்தெட்டு ஏக்கர்தான் மிச்சம்.

ரொறன்ரோ நகரமும் இதையே செய்தது. டொன் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்தில் ஆஷ்பிரிட்ஜஸ் குடா என்று ஆயிரம் ஏக்கருக்கு மேல் பெரிய சதுப்பு இருந்தது. மீனும் வாத்தும் நாணற்புல்லுமாக இருந்த இடம். நகரம் வளர வளரக் கழிவுநீரையும் மாட்டுக் கொட்டில்களின் ஊத்தையையும் அதற்குள் விட்டார்கள். நாற்றம் எழும்பியதும் சதுப்புதான் நோய்க்குக் காரணம் என்றார்கள். 1880களின் பிற்பாதியில் ஆற்றின் கீழ்ப்பகுதியை நேராக்கினார்கள். 1911 இல் துறைமுக ஆணையம் ஒன்றை அமைத்து, 1912 இல் திட்டம் போட்டு, சதுப்பை மண்ணால் நிரப்பித் தொழிற்சாலைக் காணியாக்கினார்கள். ஏரிக்கு வந்து சேர்கிற ஆறு, வாசலில் வைத்துச் செங்கோணமாகத் திரும்பிக் கொங்கிறீற் வாய்க்காலுக்குள் ஓட வேண்டியதாயிற்று.

அந்த நிலம் யாருடையது என்பதும் இருக்கிறது. ரொறன்ரோவை மிசிசாகா மக்களிடம் 1787 இலும் 1805 இலும் வாங்கியதாகப் பிரித்தானியர் பத்திரம் எழுதினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமில்லை என்று மிசிசாகா மக்கள் வழக்காடி, கடைசியில் 2010 இல் கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தது. இங்கே அகதியாக வந்து இறங்கிய எங்களுக்கு, இது எப்போதுமே வெள்ளைக்காரனின் நாடு என்ற எண்ணம் இருந்தது. எங்கள் ஆட்களில் பலருக்கு இப்போதும் இருக்கிறது. காணி பறிபோனவன் காணி பறிபோன இன்னொருவனின் மண்ணில் வந்து குடியிருக்கிறான் என்பதை ஒரு தரமாவது நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீர் மறக்காது

1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் என்ற சூறாவளியின் மழை ரொறன்ரோவில் கொட்டியது. ஹம்பர் ஆறு பெருகி றேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர் செத்தார்கள். ஆறு பரவுகிற பள்ளத்தில் வீடு கட்டியிருந்தார்கள், ஆறு தன் இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டக் கூடாது என்று முடிவெடுத்து, காணிகளை வாங்கிப் பூங்காவாக விட்டார்கள். ரொறன்ரோவில் நாங்கள் கோடைகாலத்தில் கோழி வாட்டப் போகிற ஆற்றோரப் பூங்காக்கள் பலவற்றின் கதை இதுதான்.

2013 ஜூலை 8 எனக்கு நன்றாக ஞாபகம். விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. டொன் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் தண்ணீருக்குள் நின்றுவிட, 1400 பயணிகளைப் படகில் இறக்கினார்கள். நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டை எல்லாம் ஊறிப்போனது. விடிய விடிய வாளியால் அள்ளினோம். 2024 ஜூலை 16 இல் திரும்பவும் கிட்டத்தட்ட நூறு மில்லிமீற்றர். அதே பள்ளத்தாக்கு வீதி திரும்பவும் ஆறாகியது.

நகரசபை ஒரு சட்டமும் கொண்டுவந்தது. கூரைப் பீலியால் வருகிற மழைத்தண்ணீரை நேராக வடிகாலுக்குள் விடக்கூடாது, குழாயை வெட்டி உங்கள் வளவுக்குள்ளேயே விடுங்கள் என்று. 2011 இல் நகரின் ஒரு பகுதிக்குத் தொடங்கி 2016 டிசம்பர் 3 இல் முழு நகரத்துக்கும் வந்தது. எங்கள் ஸ்காபரோவும் அதற்குள் வந்தது.

பலருக்கு இது தலையிடியாகத்தான் இருந்தது. என் பின்வளவில் வேலியோரம் ஒரு மூலை பள்ளம். அடியில் களிமண். பீலித் தண்ணீர் அங்கே போய்த் தேங்கி மூன்று நாலு நாள் நிற்கும். புல் அழுகிவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இரண்டு யார் மண் எடுத்துக் கொட்டி மட்டமாக்கிவிடு. ஒரு நாள் வேலை."

நல்ல மனிதர், உதவிக்கும் வரத் தயாராக இருந்தார். நான் சொன்னேன், "அண்ணன், நான் நிரப்பினால் அந்தத் தண்ணீர் உங்கடை பக்கம்தான் வரும்." அவர் கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஷ்பிரிட்ஜஸ் குடாவை நிரப்பியவர்கள் இந்தக் கேள்வியை யோசித்திருந்தால் நகரத்துக்கு எவ்வளவோ காசு மிச்சப்பட்டிருக்கும்.

நடுகிற விதம்

பள்ளத்தை நிரப்பாமல் அதற்கேற்ற செடியைத் தேடியபோதுதான் பொத்தான் பற்றை எனக்குக் கிடைத்தது. வளர்க்க விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

வெயில் நல்லாக விழுகிற இடம் வேண்டும். நிழலிலும் உயிரோடு நிற்கும், பூ குறையும். களிமண்ணுக்குப் பயப்பட வேண்டாம். பசளை தேவையில்லை. தண்ணீர் மட்டும் விடாமல் வேண்டும். முதல் இரண்டு கோடையில் மழை இல்லாவிட்டால் வாளி வாளியாக ஊற்றுங்கள். உள்ளூர்ச் செடி என்றால் பராமரிக்கத் தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள். அது இதற்குப் பொருந்தாது. மேட்டு நிலத்தில் காய்ந்த மண்ணில் நட்டால் இது உள்ளூர்ச் செடியாக இருந்தும் வாடிவிடும்.

சுற்றிவர ஆறு அடியாவது இடம் விடுங்கள். இடம் காணாது என்றால் 'சுகர் ஷாக்' என்ற பெயரில் நாலு அடியோடு நிற்கிற குட்டை வகை விற்கிறார்கள்.

வசந்தத்தில் எல்லாச் செடியும் தளிர்த்த பிறகும் இது செத்த விறகு மாதிரி நிற்கும். அவசரப்பட்டுப் பிடுங்கி எறியாதீர்கள். இங்கே மே மாதக் கடைசியில்தான் கண் திறக்கும். என் மனைவி ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் "இந்த முறை போட்டுது" என்று சொல்லுவா. ஒவ்வொரு வருடமும் வந்துவிடும். கத்தரிக்க வேண்டுமானால் தளிர்க்க முதல், வசந்தத் தொடக்கத்தில் கத்தரியுங்கள். புதுக் கொப்பில்தான் பூ வரும் என்பதால் அந்த வருடப் பூ போகாது.

கன்று உண்டாக்குவது சுகம். ஜூன் மாதம் இளம் கொப்பை ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கழற்றி ஈரமண்ணில் குத்திவிடுங்கள். நான் கடையில் ஊறுகாயும் எண்ணெயும் வருகிற ஐந்து கலன் வாளிகளைக் கழுவிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வேறு செடி என்றால் வாளிக்கு அடியில் ஓட்டை போட வேண்டும். இதற்கு ஓட்டையே வேண்டாம், மண் சேறாக இருந்தால் இன்னும் சந்தோசம். விதையும் அப்படியே முளைக்கும், குளிரில் வைத்து எடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஜூலையில் பூத்ததும் பெரிய வண்டுத்தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்துவிடும். நீர்நிலை ஓரத்தில் நின்றால் வாத்துகள் இதன் விதையைத் தின்னும். என் மூலைக்கு வாத்து வருவதில்லை. ஆனால் தேங்குகிற தண்ணீர் இப்போது இரண்டு நாளுக்குள் இறங்கிவிடுகிறது. அண்ணன் வீட்டுப் பக்கமும் போகவில்லை.

உள்ளூர் என்றால் என்ன

இங்கே செடி விற்கிற இடங்களில் 'நேட்டிவ்' என்று ஒரு மட்டை தொங்கும். ஐரோப்பியர் வருமுன்பே இங்கே இருந்தது என்பதுதான் பொதுவாக அதன் அர்த்தம். மற்றதெல்லாம் வந்தேறி. எனக்கு இந்தச் சொற்களைக் கேட்டால் கொஞ்சம் உடம்பு கூசும். அகதி வழக்கில் நான்கு வருடம் இதே மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவன் நான். எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், ஏன் இங்கே நிற்கிறாய்.

ஆனால் செடியைப் பொறுத்தவரை அந்த மட்டையில் அர்த்தம் இருக்கிறது என்றுதான் இப்போது நினைக்கிறேன். இந்த மண்ணின் பூச்சிக்கும் பறவைக்கும் இந்தச் செடியைத் தெரியும். பொத்தான் பற்றையின் நாடு எது என்று கேட்டால் வரைபடத்தில் கோடு போட்டுச் சொல்லலாம். என்றாலும் கனடா முழுக்க அதன் நாடு இல்லை, கியூபா வரைக்கும் அதற்கு நாடு இருக்கிறது. ஈரம் இருக்கிற இடம்தான் அதன் நாடு. வம்மியும் அப்படியே. மட்டக்களப்பு மண்ணில் பிறந்ததென்று வம்மியைக் கொண்டுபோய் மேட்டில் நட்டால் நிற்குமா? குளமும் ஆறும் இருந்தால்தான் வம்மி. குளத்தை மூடிவிட்டு மரத்தை மட்டும் நடுவதில் பிரயோசனம் இல்லை.

இதை நகரங்களும் பிந்தித்தான் விளங்கிக்கொள்கின்றன. ஹேர்மன் செடி பறித்துத் திரிந்த கொழும்பில் பள்ள நிலங்களை நிரப்புவதற்கென்றே 1968 இல் ஒரு சபை அமைத்தார்கள். 2016 மே மாத வெள்ளத்தைப் பார்த்த பிறகு, மிச்சமிருக்கிற சதுப்புதான் நகரத்தைக் காக்கிறது என்ற பேச்சு பலமாக வந்தது. 2018 இல் கொழும்பு சர்வதேச ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. நிரப்பிய ஆட்களே இப்போது காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவில் 2017 இல் மூன்று அரசுகளும் சேர்ந்து 1.25 பில்லியன் டொலர் ஒதுக்கின. எதற்கு? 1912 இல் நிரப்பத் தொடங்கியதைத் தோண்டி, டொன் ஆற்றுக்கு வளைந்து போகிற புது வாயும் சதுப்பும் செய்வதற்கு. 2024 இல் புது வாய்க்குள் ஆறு ஓடியது. அங்கே உருவான தீவுக்கு ஊக்வெமின் மினிசிங் என்று அனிசினாபே மொழியில் பெயர் வைத்தார்கள். 2025 ஜூலையில் பிடாசிகே என்ற பூங்காவையும் திறந்தார்கள்.

அந்த வேலையில் 2021 இல் நடந்த ஒன்றை நான் எல்லோருக்கும் சொல்லுவேன். தோண்டிய இடத்தில் பழைய சதுப்பு மண் வெளியே வந்தது. கொஞ்ச நாளில் யாரும் நடாமல் அதில் கோரையும் சம்பும் முளைத்தன. நூறு வருடத்துக்கு மேல் தொழிற்சாலைக் காணிக்குக் கீழே இருட்டில் கிடந்த விதைகள்! வெளிச்சமும் ஈரமும் பட்டதும் எழும்பிவிட்டன. அவற்றைப் பத்திரமாக எடுத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள்.

இதை வைத்து எங்கள் மக்களும் ஒரு நாள் அப்படி முளைப்பார்கள் என்று மேடைப்பேச்சு மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. மனிதர் விதை இல்லை. நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தால் மனிதர் எலும்புதான். எனக்கு அதில் விளங்கியது இவ்வளவுதான்: நிலத்தை மூடினவன் அது முடிந்த கதை என்று நினைக்கிறான். தண்ணீருக்கும் விதைக்கும் அது முடிந்த கதை இல்லை. மூடினவனின் பேரப்பிள்ளைதான் பிறகு காசு கொடுத்துத் தோண்டுகிறான். ஊரில் குளக்கட்டை வெட்டி வளவாக்குகிறவர்களும், இங்கே பின்வளவு முழுக்கக் கொங்கிறீற் போடுகிற எங்கள் ஆட்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உங்கள் வளவில் தண்ணீர் தேங்குகிற ஒரு மூலை இருந்தால் அதை நிரப்ப முதல் ஒரு பொத்தான் பற்றையை நட்டுப் பாருங்கள். இந்த வருடம் ஆறு வாளியில் கன்று வைத்திருந்தேன். இரண்டு கன்று கடையில் என்னோடு கறி வெட்டுகிற பெடியன் கொண்டுபோனான், ஒன்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டு வாங்கி வேலிக்கு அந்தப் பக்கம் நட்டிருக்கிறார். மூன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. அம்மா போனில் கேட்கிறா, வம்மி எவ்வளவு வளர்ந்திட்டுது என்று. நானும் வம்மி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.